மாஸ்க் தம்பியும் மெலிஞ்ச காத்தும்

போன ஞாயித்துக்கிழமை. காலைல அஞ்சே முக்கால். கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸ்.

நான் பாட்டுக்கு என் வேகத்துல ஓடிட்டு இருந்தேன் (கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம். சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்). பின்னாடி ஏதோ சத்தம். சைக்கிள் பம்ப்ல வாஷர் போனா வருமே, அந்த மாதிரி. புஸ்ஸ்... கர்ர்... புஸ்ஸ்...

திரும்பிப் பாத்தா ஒரு தம்பி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். மூஞ்சில பாதிய மூடி கருப்பா ஒரு மாஸ்க், ரெண்டு கன்னத்துலயும் வால்வு. கொரோனா காலத்துல இருந்து இன்னும் வெளிய வராத பையன்னுதான் முதல்ல நெனச்சேன்.

"இது ஆல்டிட்யூட் மாஸ்க்குங்ணா. கென்யாக்காரங்க மலை மேல ஓடறாங்கல்ல, அதே எஃபெக்ட். மூவாயிரத்து ஐநூறுதான். நீங்க இன்னும் வாங்கலீங்களா?"

வாங்கலப்பான்னேன். என்னைப் பாவமா ஒரு பார்வை பாத்துட்டு புஸ் கர்னு முன்னாடி போயிட்டான்.

அன்னிக்கு ஃபுல்லா எனக்கு எரிச்சல். அந்தப் பையன் மேல இல்ல, அதை வித்தவன் மேல. வீட்டுக்கு வந்தும் பொலம்பிட்டே இருந்தேன். எங்க வீட்டம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "நீங்க ஊட்டில பண்ணுன கூத்தை விடவா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாங்க.

வாயை மூடிட்டேன். (ஊட்டிக் கதை வருது, இருங்க.)

முதல்ல மாஸ்க் பஞ்சாயத்தை முடிச்சுடறேன்.

மலை மேல ஆக்சிஜன் கம்மின்னு நாம எல்லாரும் சொல்லுவோம். ஆனா மெரினா பீச்சா இருந்தாலும் தொட்டபெட்டா உச்சியா இருந்தாலும் காத்துல ஆக்சிஜனோட பங்கு அதே 21 சதவீதம்தான். குறையறது அழுத்தம்.

நம்ம கார்ப்பரேஷன் தண்ணிய நெனச்சுக்கங்க. கீழ் வீட்டுக் குழாய்ல நல்லா வரும், மூணாவது மாடில சொட்டு சொட்டா வரும். தண்ணி அதே தண்ணிதான். மேல தள்ளி விடற ஃபோர்ஸ் இல்ல. மலை மேல நம்ம நுரையீரலுக்கு நடக்கறதும் இதுதான். நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்குள்ள ஆக்சிஜனைத் தள்ளி விடற அழுத்தம் கம்மி. 2,400 மீட்டர் உயரத்துல, கடல் மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான் இருக்கும்.

இதை நம்ம கிட்னி கவனிச்சுக்கிட்டே இருக்கு (கிட்னிக்கு இந்த வேலையும் உண்டுன்னு எனக்கே லேட்டாதான் தெரியும்). "என்னப்பா, சப்ளை கம்மியா வருது"ன்னு எரித்ரோபொய்டின்னு ஒரு ஹார்மோனை அதிகமா விடும். சுருக்கமா ஈ.பி.ஓ. அது எலும்பு மஜ்ஜைகிட்ட போய் சிவப்பணுவை இன்னும் கொஞ்சம் உற்பத்தி பண்ணுன்னு சொல்லும். சிவப்பணு கூடினா ஆக்சிஜன் தூக்கற ஆள் கூடுது. கீழ எறங்கி வந்து ஓடறப்போ அந்த எக்ஸ்ட்ரா ஆளுங்க கூட வருவாங்க.

இதெல்லாம் ஒரு நாள் கூத்து இல்ல. ராத்திரி பகல் மேலயே கெடக்கணும். மூணு, நாலு வாரம் ஆகும்.

இப்போ நம்ம தம்பி மாஸ்க்கைப் போட்டு நாப்பது நிமிஷம் ஓடறான். அந்த மாஸ்க் காத்தோட அழுத்தத்தை மாத்தறதே இல்ல. காத்து உள்ள வர்ற வழியைத்தான் அடைக்குது. மூக்கை விரல்ல பாதி பொத்திட்டு ஓடற மாதிரி. மிஞ்சிப் போனா மூச்சு இழுக்கற தசைக்கு ஒரு எக்சர்சைஸ். அப்புறம் கழட்டி வெச்சுட்டு, அன்னபூர்ணால காபி குடிச்சுட்டு, மிச்சம் இருபத்திமூணு மணி நேரம் கோயமுத்தூரோட 411 மீட்டர் உயரத்துல கொழுகொழுன்னு காத்து வாங்கறான். கிட்னிக்கு சேதியே போகாது.

சரி. இப்போ என் கூத்துக்கு வரேன்.

கிப்சோகே பித்து புடிச்சு ஆட்டுன காலம் அது. 2019 அக்டோபர் 12, வியன்னா. கென்யாவோட எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடில ஓடி முடிச்சாரு. மாறி மாறி 41 பேர் அவருக்குக் காத்துத் தடுப்பா முன்னயும் பின்னயும் ஓடினாங்க. முன்னாடி போன கார் ரோட்டுல லேசர்ல கோடு போட்டுச்சு. அதனால அது உலக சாதனைக் கணக்குல சேராது. சேராட்டி போகட்டும். ஓடினது மனுஷன்தானே.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். (எடுத்திருக்கக் கூடாது.)

கிலோமீட்டருக்கு 2 நிமிஷம் 50 விநாடி. 400 மீட்டர் ட்ராக்குல ஒரு ரவுண்டுக்கு 68 விநாடி. 100 மீட்டருக்கு 17 விநாடி. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல 100 மீட்டரை நீங்க எவ்ளோல ஓடுனீங்க? 17 விநாடின்னா பாதிப் பேருக்குப் பெருமையா இருக்கும். அதை நிக்காம 422 தடவை ஓடணும். சாதாரண ஜிம்ல இருக்கற நிறைய ட்ரெட்மில் மணிக்கு 20 கிலோமீட்டரோட நின்னுடும். இவரு 21-க்கு மேல. மிஷின் தோத்துப் போற வேகத்துல ரெண்டு மணி நேரம்!

எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த வேகம் எப்படி இருக்கும்னு ஒரே ஒரு ரவுண்டு. 68 விநாடி.

வீட்டுக்கிட்ட ஒரு காலேஜ் கிரவுண்டு. விடிகாலை. யாரும் இல்ல. வாட்ச்சை அமுக்கினேன். முதல் 100 மீட்டர் 17 விநாடில வந்துடுச்சு. அட, இவ்ளோதானா! அடுத்த 50 மீட்டர்ல யாரோ முதுகுல அரிசி மூட்டைய ஏத்துன மாதிரி ஆச்சு. 200-வது மீட்டர் 40 விநாடி. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னா, கெண்டைக்கால்ல "டப்"னு ஒரு சத்தம்.

மூணு வாரம் ஓட்டம் கட். ஆபீஸ்ல லிஃப்ட்தான். பிசியோதெரபிஸ்ட், "எதுக்கு சார் இந்த வயசுல?"ன்னு கேட்டாரு. வியன்னான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மாடிப்படில சறுக்கிட்டேன்னு சொன்னேன்.

அந்த மூணு வாரத்துலதான் உக்காந்து ஒழுங்கா படிச்சேன். கிப்சோகேக்கு அந்த 68 ஏன் வலிக்கல?

அவரு மாரத்தான்காரராப் பொறக்கல. 2003-ல பாரிஸ் உலக சாம்பியன்ஷிப். 18 வயசுப் பையன், 5,000 மீட்டர்ல ஹிஷாம் எல் கெரூஜையும் கெனெனிசா பெக்கேலேயையும் தாண்டித் தங்கம் வாங்கினான். அந்தக் காலத்து சூப்பர்ஸ்டார் ரெண்டு பேரும் ஒரே ரேஸ்ல காலி. அடுத்த வருஷம் 5,000 மீட்டரை 12 நிமிஷம் 46 விநாடில ஓடினாரு. அதுன்னா ஒரு ரவுண்டுக்கு 61 விநாடி. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கென்யா டீம்ல எடம் கெடைக்கல. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஹாம்பர்க்ல முதல் மாரத்தான்.

அதாவது பத்து வருஷமா 61-ல சுத்தின ஆளுக்கு 68-ங்கறது கொஞ்சம் காலாற நடக்கற மாதிரி. லட்ச ரூபா சம்பளக்காரன் அம்பதாயிரம் செலவு பண்றதுக்கும், அம்பத்தோராயிரம் சம்பளக்காரன் அம்பதாயிரம் செலவு பண்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? (நான் கடன் வாங்கி செலவு பண்ண கேசு.)

மாரத்தான்காரங்க எதுக்கு 400 மீட்டரும் 1,000 மீட்டரும் திரும்பத் திரும்ப ஓடறாங்கன்னா இதுக்குத்தான். ரேஸ் வேகம் உடம்புக்குப் பெரிய விஷயமாவே தெரியக் கூடாது. எத்தியோப்பியாவோட டிக்ஸ்ட் அசெஃபா 800 மீட்டர் ஓடிட்டு இருந்தவங்க. 2023-ல பெர்லின்ல மாரத்தானை 2:11:53-ல முடிச்சு, அப்போதைய பெண்கள் உலக சாதனையை ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒடச்சாங்க. ரெண்டு ரவுண்டு ஓடற காலு, நூத்தஞ்சு ரவுண்டுக்கு வந்து நின்னுச்சு.

நிக்க.

அப்போதான் எனக்கு ஊட்டி ஐடியா வந்துச்சு. வேகப் பயிற்சியும் பண்ணணும், மலை மேலயும் இருக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் பண்ணினா? ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

ஏற்கனவே ஒரு தகவல் வேற என்னை உசுப்பேத்தி விட்டுருந்துச்சு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியோட உயரம் 2,240 மீட்டர். நம்ம ஊட்டியோட உயரம்? அதே 2,240 மீட்டர்! அந்த ஒலிம்பிக் ஊட்டில நடந்த மாதிரிதான்னு வெச்சுக்கங்களேன். இந்தியாவோட தூர ஓட்டக்காரங்க ஜெய்ஷா, லலிதா பாபர், சுதா சிங் எல்லாம் நிகோலாய் ஸ்னெசரேவ்ங்கற பெலாரஸ் கோச்கிட்ட ஊட்டில பயிற்சி எடுத்தவங்க. அவங்க ஓடுன மண்ணுல நாமளும் ஓடிட்டு வந்துடலாம்.

அந்த மெக்சிகோ ஒலிம்பிக்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் நான் ஒழுங்கா படிச்சிருந்தா ரூம் வாடகை மிச்சம் ஆயிருக்கும்.

காத்து மெலிசு. அதனால எதிர்ப்பு கம்மி. குறுகின நேரப் போட்டிக்காரங்களுக்கு ஜாலி. பாப் பீமன் நீளம் தாண்டறதுல 8.90 மீட்டர் தாண்டினாரு, ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95-ல முடிச்சாரு. ஆனா தூர ஓட்டக்காரங்களுக்கு நரகம். 10,000 மீட்டர் உலக சாதனை வெச்சிருந்த ஆஸ்திரேலியாவோட ரான் கிளார்க் ஆறாவதா வந்து ட்ராக் ஓரமா சுருண்டு விழுந்தாரு, ஆக்சிஜன் வெச்சு எழுப்ப வேண்டியதாப் போச்சு. அவரோட சாதனை 27 நிமிஷம் 39 விநாடி. அன்னிக்குத் தங்கம் வாங்கின கென்யாவோட நஃப்தாலி டெமு எடுத்துக்கிட்டது 29 நிமிஷம் 27 விநாடி. ஜெயிச்சவருக்கே கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் கூட!

அதாவது மலை உங்களுக்கு ரத்தத்தைக் குடுக்கும், காலைப் பறிச்சுக்கும். இந்தக் கையில குடுத்து அந்தக் கையில வாங்கிக்கற வட்டிக்கடைக்காரன் மாதிரி.

இது தெரியாம நாலு நாள் லீவு போட்டுட்டு குடும்பத்தோட கெளம்பிட்டேன். வீட்டம்மாகிட்ட "சும்மா ஒரு டூர்"னு சொன்னேன். பைல ஷூவைப் பாத்துட்டு அவங்க ஒண்ணும் சொல்லல. (அதுதான் எனக்கு பயமே.)

முதல் நாள்: தலைவலி. ஏலக்கா டீ, வர்க்கி. பஸ்ல வந்த அலுப்புன்னு சமாதானம்.

முதல் ராத்திரி: தூக்கம் இல்ல. அதோட ஒன்னுக்கு... அஞ்சு தடவை. குளிர்ல எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். வீட்டம்மா இருட்டுல இருந்தே, "ஊருக்குப் போனதும் மொதல்ல சுகர் டெஸ்ட் எடுக்கறோம்"னாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, உயரத்துக்குப் போனதும் உடம்பு செய்யற முதல் வேலையே இதுதானாம். சிவப்பணுவை உடனே கூட்ட முடியாது. அதனால ரத்தத்துல இருக்கற தண்ணிய வெளிய தள்ளி ரத்தத்தைக் கெட்டியாக்குது. ரசத்துல பருப்பு கூடல, தண்ணிய வத்த வெச்சுட்டாங்க. போன ரெண்டாவது நாள் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு "ஹீமோகுளோபின் ஏறிடுச்சு"ன்னு குதிச்சா அது இந்த வத்தல் கணக்குதான்.

ரெண்டாவது நாள்: 400 மீட்டர் வேக ஓட்டம், எட்டு தடவைன்னு ப்ளான். ரெண்டோட முடிஞ்சுது. கோயமுத்தூர்ல 1 நிமிஷம் 50 விநாடில அசால்ட்டா ஓடறதை 2 நிமிஷம் 5 விநாடில, கண்ணுல பூச்சி பறக்க ஓடினேன். ஸ்வெட்டர் போட்டுட்டு வாக்கிங் வந்த ஒரு பெரியவர் பக்கத்துல வந்து, "தம்பி, யாரையாச்சும் கூப்பிடட்டுங்களா?"ன்னு கேட்டாரு.

மூணாவது நாள் பொட்டானிக்கல் கார்டன். நாலாவது நாள் ரிட்டர்ன்.

கீழ வந்து ரெண்டாவது நாள் பத்து கிலோமீட்டர் ஓடினேன், புது ரத்தம் பொங்கும்னு. வழக்கத்தை விட ரெண்டு நிமிஷம் லேட். பொங்கினது வர்க்கி.

நான் பண்ணின தப்பு அவசரம் மட்டும் இல்ல. மலையும் வேகமும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணாத மாமியார் மருமக. மேல ஓடறப்போ ஆக்சிஜன் பத்தாததால வேகம் தானா கொறையும். தசைக்கு அந்த ரேஸ் வேகம் பழகாது. ரத்தம் தயாரா இருக்கும், காலு மறந்து போயிருக்கும்.

இந்தச் சண்டையைத் தீக்க ரொம்ப நாளா ஆளுங்க மண்டைய ஒடச்சிருக்காங்க. 1997-ல பெஞ்சமின் லெவைன், ஜேம்ஸ் ஸ்ட்ரே-குண்டர்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க அமெரிக்கால 39 ஓட்டக்காரங்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழு மேலயே வாழ்ந்து மேலயே ஓடுச்சு. ஒண்ணு கீழயே வாழ்ந்து கீழயே ஓடுச்சு. மூணாவது குழு 2,500 மீட்டர்ல தங்கி, ஓடறதுக்கு 1,250 மீட்டருக்கு எறங்குச்சு. நாலு வாரம். மேல தங்கின ரெண்டு குழுவுக்கும் சிவப்பணு கூடுச்சு. ஆனா 5,000 மீட்டர் ஓட்டத்துல முன்னேறினது எறங்கி ஓடின குழு மட்டும்தான். சராசரியா 13 விநாடி சொச்சம்.

மேல தூங்கு, கீழ ஓடு. அவ்ளோதான்.

அதுக்கப்புறம் எல்லாரும் இதையே புடிச்சுக்கிட்டாங்க. சுவிட்சர்லாந்துல செயின்ட் மோரிட்ஸ்ல (1,800 மீட்டர்) தங்கறவங்க வேக ஓட்டத்துக்கு மலை எறங்கி இத்தாலில இருக்கற கியாவென்னாக்குப் போறாங்க. அமெரிக்கால ஃப்ளாக்ஸ்டாஃப்ல (2,100 மீட்டர்) இருக்கறவங்க செடோனாக்கு எறங்கறாங்க. பின்லாந்துல அவ்ளோ உயரமான மலையே இல்ல. அவங்க விட்டாங்களா? வீட்டுக்குள்ள நைட்ரஜனைக் கலந்து ஆக்சிஜன் பங்கைக் கொறச்சு, அதுக்குள்ள படுத்துத் தூங்கினாங்க. (இதோட ஒப்பிட்டா நம்ம மாஸ்க் தம்பி ரொம்ப சாது.)

நம்ம ஊர்ல பண்ணணும்னா எப்படி? ஊட்டில தூங்கணும், மேட்டுப்பாளையத்துல ஓடணும். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் உயரம்தான், அருமையான எடம். ஆனா டெய்லி மலைப்பாதைல அம்பது கிலோமீட்டர் கீழ, அம்பது கிலோமீட்டர் மேல. சீசன்ல டிராஃபிக்ல நிக்கற நேரத்துல ஒரு மாரத்தானே ஓடிடலாம். அந்தத் திட்டத்தை வீட்டம்மாகிட்ட நான் சொல்லவே இல்ல.

சரி, அப்போ கென்யாக்காரங்க? அவங்க மேலயே பொறந்து, மேலயே வாழ்ந்து, மேலயேதானே ஓடறாங்க? ஆராய்ச்சிப்படி அவங்க கால் மறந்து போயிருக்கணுமே?

இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி.

கிப்சோகேயோட கேம்ப் இருக்கறது காப்டகாட். எல்டொரெட் ஊர்ப் பக்கம், சுமார் 2,400 மீட்டர். கோச் பேட்ரிக் சாங், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல ஸ்டீபிள்சேஸ் வெள்ளி வாங்கினவரு. கிப்சோகே சின்னப் பையனா அவர்கிட்டப் போய் என்ன பயிற்சி பண்றதுன்னு கேட்டு வாங்கினதுல ஆரம்பிச்ச உறவு. கோடீஸ்வரர் ஆன பின்னாடியும் வாரநாள் முழுக்க கேம்ப்லதான் வாசம், முறை வெச்சு டாய்லெட் கழுவறதுல அவருக்கும் பங்கு உண்டு. சாப்பாடு உகாலி. உகாலின்னா வேற ஒண்ணும் இல்ல, மக்காச்சோள மாவுக் களி. கூடக் கீரை. அப்புறம் பால் ஊத்தி சக்கரை அள்ளிப் போட்ட டீ. (இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கென்ய வீரன்.)

வாரத்துக்கு 200-லருந்து 220 கிலோமீட்டர். செவ்வாக்கெழமை ட்ராக். வியாழக்கெழமை நீள ஓட்டம், ஒரு வாரம் 30 கிலோமீட்டர், மறு வாரம் 40. சனிக்கெழமை ஃபார்ட்லெக் (வேகமும் மெதுவும் மாறி மாறி ஓடறது). மத்த நாளெல்லாம் மெதுவா.

அந்த "மெதுவா"வைக் கேட்டா நம்ப மாட்டீங்க. ரெண்டு மணி நேரத்துல மாரத்தான் ஓடறவங்க, காலைல முதல் கிலோமீட்டரை நம்மள மாதிரி தூக்கக் கலக்கத்துல இழுத்துக்கிட்டு ஓடுவாங்க. நான் கூடவே போயிடலாம். ஒரு கிலோமீட்டர் வரைக்கும்.

வேகப் பயிற்சியும் நாம நெனைக்கற மாதிரி உயிரக் குடுத்து ஓடறது இல்ல. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் 80 சதவீதம், மத்த நாள் 50 சதவீதம்தான்னு கிப்சோகே பல தடவை சொல்லிருக்காரு. நூறு சதவீதம் ரேஸ் அன்னிக்கு மட்டும். ட்ராக்ல அவரு கடைசி ரவுண்டு முடிச்சுட்டு சாதாரணமா நடந்து போறதை வீடியோல பாத்திருக்கேன். நான் கெண்டைக்கால் போய்ப் புல்லுல உருண்டதும் வீடியோவா இருந்திருந்தா பக்கத்துல வெச்சுப் பாத்திருக்கலாம்.

மலை வேகத்தைப் பறிக்கற பிரச்சினைக்கு அவங்க கண்டுபுடிச்ச வழியும் இதுக்குள்ளயேதான் இருக்கு. 2:50 வேகத்துல மேல ஒரேயடியா பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் ஓடறது கஷ்டம். சரி, அதே வேகத்தை ஆயிரம் ஆயிரம் மீட்டராப் பிரிச்சுக்கோ. நடுவுல மூச்சு வாங்கிக்கோ. திரும்ப ஆயிரம். முழுசா முழுங்க முடியாததைப் பிட்டுப் பிட்டு சாப்பிடறது. காலுக்கு ரேஸ் வேகம் மறக்காது, நுரையீரலும் செத்துப் போகாது. அப்புறம் பெர்லினுக்கோ லண்டனுக்கோ எறங்கறப்போ, நடுவுல வெச்ச அந்த ஓய்வை எடுத்துட்டாப் போதும்.

இட்டன்ல பல வருஷம் இருந்து பயிற்சி குடுத்த இத்தாலிக்காரர் ரெனாட்டோ கனோவா இதைத்தான் வேற மாதிரி சொல்லுவாரு. மாரத்தான்காரனுக்கு இன்னும் வேகமா ஓடக் கத்துக்குடுக்கறதை விட, இருக்கற வேகத்தை இன்னும் தூரம் நீட்டக் கத்துக்குடுக்கணும்னு. கேக்க ஈசியாத்தான் இருக்கு.

இட்டன்னு சொன்னேன்ல, அது கென்யாவுல ஒரு சின்ன ஊர். இதுவும் 2,400 மீட்டர். ஊருக்குள்ள நுழையற எடத்துல "சாம்பியன்களின் வீடு"ன்னு வளைவு இருக்கும். 1976-ல கோல்ம் ஓ'கானல்னு ஐரிஷ் துறவற சபைக்காரர் ஒருத்தர் அங்க செயின்ட் பேட்ரிக்ஸ் ஸ்கூல்ல புவியியல் வாத்தியாரா வந்தாரு. தடகளம் பத்தி பெருசா எதுவும் தெரியாது. அவர்கிட்டப் பயிற்சி எடுத்தவங்கதான் அப்புறம் உலக சாம்பியன்கள். 800 மீட்டர் உலக சாதனைக்காரர் டேவிட் ருடீஷா உட்பட. (எங்க புவியியல் வாத்தியார் எங்களுக்குக் குடுத்தது மேப்பும் முட்டிக்கு மேல அடியும்தான்.)

அங்க வியாழக்கெழமை காலைல ஃபார்ட்லெக் நடக்கும். ஸ்வீடன்காரர் கோஸ்டா ஹோல்மர் 1930-கள்ல கண்டுபுடிச்ச விளையாட்டு அது. கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் மெதுவு. இட்டன்ல செம்மண் ரோட்டுல நூறு, எறநூறு பேர் ஒண்ணாக் கூடுவாங்க. ஒலிம்பிக் பதக்கக்காரரும் இருப்பாரு, நேத்து கிராமத்துல இருந்து கடன் வாங்குன ஷூவோட வந்த பையனும் இருப்பான். ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெதுவு. வாட்ச் ஒண்ணா "பீப்"னும். மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும் அதே கணக்கு. மெதுவா ஓடற நிமிஷத்துல பின்தங்கினவங்க ஓடி வந்து ஒட்டிக்குவாங்க. வேக நிமிஷத்துல திரும்பக் கழண்டுக்குவாங்க. பதக்கக்காரரோட முதுகை ஒரு நிமிஷமாச்சும் பாத்துட்டே ஓடிட்டேன்னு அந்தப் பையன் ராத்திரி தூங்குவான். அந்தக் கூட்டத்தை எந்தக் கடையில வாங்கறது?

இந்த மாதிரி எல்லா சூத்திரத்தையும் ஒரு ஆள் வந்து கலைச்சுப் போட்டாரு. கெல்வின் கிப்டம். ட்ராக்ல பேர் வாங்கின ஆளே இல்ல, நேரா ரோடு ஓட்டம். மாரத்தான் மொத்தமே மூணுதான் ஓடினாரு. மூணுலயும் ஜெயிச்சாரு. மூணாவது 2023 அக்டோபர், சிகாகோ, 2:00:35, உலக சாதனை. முதல் பாதியை விட ரெண்டாவது பாதியை வேகமா ஓடினாரு, 59 நிமிஷம் 47 விநாடி. வாரத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல, சில வாரம் 300. இப்படியே போனா அஞ்சு வருஷத்துல உடம்பு போயிடும்னு அவரோட கோச் ஜெர்வேஸ் ஹகிசிமானாவே கவலைப்பட்டாரு.

அந்த அஞ்சு வருஷமும் கெடைக்கல. 2024 பிப்ரவரி 11 ராத்திரி, அதே மலைப்பக்க ரோட்டுல கார் விபத்து. அவரும் கோச்சும் ரெண்டு பேரும் போயிட்டாங்க. கிப்டமுக்கு 24 வயசு. அந்தச் சேதியைக் காலைல ஃபோன்ல பாத்துட்டு அன்னிக்கு நான் ஓடப் போகல. ஏன்னு எனக்கே தெரியல. நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கு. சொல்லாம விட்டா போங்காட்டம். மலை மூணு, நாலு வாரத்துல கஷ்டப்பட்டுக் குடுக்கற அதே ஈ.பி.ஓ. ஊசிலயும் கெடைக்குது. 2016 ரியோ ஒலிம்பிக்ல மாரத்தான் தங்கம் வாங்கின கென்யாவோட ஜெமிமா சும்காங் அடுத்த வருஷமே அதுல மாட்டினாங்க. மலையிலயே வாழ்ந்தவங்க. எனக்கு இதுல கோவத்தை விட வருத்தம்தான் ஜாஸ்தி. வீட்டுக் கெணத்துல தண்ணி இருக்கறப்போ பக்கத்து வீட்டு டேங்கைத் திருடற மாதிரி.

இப்போ நான் என்ன பண்றேன்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துல நாலு நாள் ஓட்டம். மூணு நாள் ரொம்ப மெதுவா, பக்கத்துல வர்ற ஆளோட அரசியல் பேசிட்டே போற வேகம். வியாழக்கெழமை மட்டும் ரேஸ் கோர்ஸ்ல ஃபார்ட்லெக். இட்டன் நேரத்தை மதிச்சு. ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெதுவு, பத்து தடவை. முடிக்கறப்போ இன்னும் ரெண்டு ஓடலாம்னு தோணினா அன்னிக்கு சரியா ஓடினேன்னு அர்த்தம். இந்த ஒரு மாத்தத்துலயே என் பத்து கிலோமீட்டர் நேரம் ஆறு மாசத்துல நாலு நிமிஷம் கொறஞ்சிருக்கு. கெண்டைக்கால் இதுவரைக்கும் வாயைத் தொறக்கல.

இந்த வியாழக்கெழமை அந்த மாஸ்க் தம்பி திரும்ப வந்தான். வண்டிய நிறுத்திட்டு மாஸ்க்கோட வாரை இறுக்கிட்டு இருந்தான்.

"தம்பி, அதை ஒரு இருவது நிமிஷம் கழட்டி வெச்சுட்டு என்கூட வா. ஒரு நிமிஷம் வேகம், ஒரு நிமிஷம் மெதுவு."

"மாஸ்க் இல்லாமயா? எஃபெக்ட் இருக்குங்களாண்ணா?"

"வந்து பாரு."

முதல் ரெண்டு வேக நிமிஷமும் எனக்குப் பின்னாடியே வந்தான். புஸ்ஸும் இல்ல, கர்ரும் இல்ல. மூணாவது வேக நிமிஷத்துல என் பக்கத்துல வந்தான். நாலாவதுல "சாரிங்ணா"ன்னான்.

அவ்ளோதான். அதுக்கப்புறம் அவன் முதுகுதான் தெரிஞ்சுது, அதுவும் கொஞ்ச நேரம். நான் சுத்தி வந்து சேர்றப்போ அவன் ஸ்ட்ரெச் பண்ணி முடிச்சுட்டு எளநீ குடிச்சுட்டு இருந்தான். மாஸ்க், பைக் கண்ணாடில தொங்கிட்டு இருந்துச்சு.